வாவிக்கரையில் வானலை வலை

மாரி பிறந்துவிட்டால் கிரானில் நாம் முதலில் பார்ப்பது வானத்தையன்று, வீதியை. கிரானிலிருந்து புலிபாய்ந்தகல் செல்லும் வீதியில் நீர் முழங்கால் அளவா, இடுப்பளவா என்று கேட்டறிந்த பின்னரே அக்கரைக்குப் போக வேண்டியவர் போவதும், இக்கரைக்கு வர வேண்டியவர் வருவதும் நிச்சயமாகும். ஆறும் குளமும் வாவியும் எல்லை மறந்து ஒன்றாகக் கலந்துவிட்டால் வீதி இருந்த இடத்தில் வள்ளம் ஓடும். பாடசாலைப் பிள்ளையும், பால்காரனும், பிரசவ வேதனைப்படும் தாயும் அந்த வள்ளத்தையே நம்பியிருப்பர்.

வள்ளத்துக்குச் சொல்லி அனுப்புவது எப்படி? இக்காலத்தில் கைத்தொலைபேசி இல்லாத வீடு அரிது. ஆனால் நமக்கு அது மிகவும் வேண்டியிருக்கும் நாளிலேதான் அது வாய்மூடிக்கொள்கிறது. கோபுரத்துக்கு மின்சாரம் நின்றதும் அங்குள்ள மின்கலங்கள் சில மணி நேரம் தாக்குப்பிடிக்கும். பிறகு அவையும் சோர்ந்துவிடும். கோபுரம் நின்றாலும், அதனை நகரத்தோடு பிணைக்கும் கம்பி எங்கோ ஓரிடத்தில் அறுந்துவிட்டால் பயனில்லை. கையில் கருவி இருக்கும், பேச்சு இராது. 1978 நவம்பர் 23ஆம் நாள் மட்டக்களப்பைச் சூறாவளி தாக்கியதை நம் வீட்டுப் பெரியவர்கள் இன்றும் நேற்று நடந்ததுபோலச் சொல்வார்கள். 2004 டிசம்பரில் கடல் பொங்கியதையும், 2011 ஜனவரி வெள்ளத்தையும் நம்மில் பெரும்பாலோர் கண்ணாலேயே கண்டோம். அந்நாட்களில் எல்லோரும் கேட்ட முதற் கேள்வி, “அக்கரையில் அவர்கள் உயிரோடிருக்கிறார்களா?” என்பதே.

கடல் பொங்கிய அந்த 2004இல் அம்பாந்தோட்டை வெளியுலகத் தொடர்பின்றித் தவித்தபோது, இலங்கை வானொலிச் சங்கத்தைச் சேர்ந்த அமெச்சூர் அன்பர்கள் தங்கள் சிற்றலைக் கருவிகளோடு அங்கே விரைந்தனர். அப்போது சங்கத்தின் தலைவராயிருந்தவர் விக்டர் குணதிலக. அதே வேளையில் அந்தமானின் போர்ட் பிளேயரில், வேறு நோக்கத்துக்காகக் கருவிகளோடு சென்றிருந்த பாரதி பிரசாத் என்னும் பெண்மணி, அத்தீவுகளுக்கும் இந்தியப் பெருநிலத்துக்கும் இடையே செய்திகளைக் கடத்தினார். இவர்கள் சம்பளம் பெறும் ஊழியர்களல்லர். பொழுதுபோக்காக வானொலி பழகியவர்கள். ‘ஹாம்’ என்று உலகம் அழைப்பது இவர்களைத்தான்.

அந்தப் பழைய கலையின் புதிய கிளை ஒன்றைப் பற்றியே இங்கு எழுத முற்பட்டோம். குரலையும் மோர்ஸ் ஒலியையும் மட்டுமன்றி, படத்தையும் கடிதத்தையும் பெயர்ப்பட்டியலையும் வானலை வழியே அனுப்பும் கலை அது. அதற்கு ‘மெஷ்’ என்று பெயர். நம் ஊர் மீனவருக்கு அதனை விளக்குவது மிக எளிது. வலையில் ஓரிடத்தில் நூல் அறுந்தால் வலை முழுவதும் அவிழ்ந்துவிடுவதில்லை. சுற்றியுள்ள முடிச்சுகள் பாரத்தைத் தாங்கிக்கொள்கின்றன. அவ்வாறே ஊருக்குள் ஆறேழு கூரைகளில் ஆறேழு சிறு பெட்டிகளை வைத்தால், ஒவ்வொன்றும் தன் அயலானோடு பேசி, அயலானின் அயலான் யார் என்பதையும் அறிந்துகொள்ளும். நடுவிலுள்ள ஒன்று கெட்டால் செய்தி வேறு வழியாகச் சுற்றிச் செல்லும். நடுநாயகமாக ஒரு கோபுரம் வேண்டியதில்லை. அந்தப் பெட்டி ஒவ்வொன்றையும் ‘கணு’ என்று சொல்வோம்.

பெட்டிக்குள் புதுக் குடி

கணுவாகப் பயன்படும் பெட்டி கடையில் அதற்கென்றே விற்கப்படும் பொருளன்று. கூரைமேல் வைத்து இணையம் கொடுப்பதற்காக யுபிக்விட்டி, மைக்ரோடிக் போன்ற நிறுவனங்கள் செய்யும் சாதாரண வைஃபை ரவுட்டர்தான். அதற்குள் நிலையாகக் குடியிருந்து அதனை ஆட்டுவிக்கும் கட்டளைத் தொகுதி ஒன்றுண்டு. அதுவே ‘ஃபர்ம்வேர்’. பழைய குடியை எழுப்பிவிட்டுப் புதிய குடியை அமர்த்தினால் பெட்டி கணுவாக மாறும்.

இதற்கும் ஒரு சரித்திரம் உண்டு. 2002ஆம் ஆண்டின் இறுதியில் லின்க்சிஸ் நிறுவனம் டபிள்யூ.ஆர்.டி.54ஜி என்னும் ரவுட்டரை விற்பனைக்கு விட்டது. அதற்குள் இருந்தது எவரும் பயன்படுத்தலாம் என்று பொதுவில் விடப்பட்ட லினக்ஸ் மென்பொருள் என்பதைச் சிலர் கண்டுபிடித்தனர். அந்தப் பொதுச் சொத்தின் உரிமப்படி மூலக் கட்டளைகளை வெளியிட்டேயாக வேண்டும் என்று வற்புறுத்த, 2003இல் நிறுவனம் இணங்கியது. அதனை அடியாகக் கொண்டு 2004இல் ஓப்பன்டபிள்யூ.ஆர்.டி. பிறந்தது. அதன்மீது அமெரிக்க அமெச்சூர் அன்பர்கள் தங்களுக்கேற்ற வடிவம் ஒன்றைக் கட்டினர். இன்று பலர் பயன்படுத்தும் ஏ.ஆர்.இ.டி.என். என்னும் அவசரகாலத் தரவு வலையின் ஃபர்ம்வேர் அவ்வழி வந்ததே. இலவசமாகக் கிடைப்பது. ஆனால் இலவசமாகக் கிடைப்பது தொல்லையின்றிக் கிடைக்கும் என்று எண்ணிவிடலாகாது!

நாம் பட்ட பாட்டையே சொல்லிவிடுகிறோம். அனுமதிப்பத்திரம் பெற்ற அன்பர் ஒருவர், கல்லூரி மாணவன் ஒருவன், நாம் ஆக மூவர், பழைய பெட்டிகள் மூன்றை வாங்கி ஒரு மாலைப் பொழுதில் வீட்டு மேசையில் அமர்ந்தோம். செய்முறை கேட்பதற்கு எளிது. பெட்டியின் சிறு துளைக்குள் ஊசியால் பொத்தானை அழுத்திப் பிடித்தபடி மின்சாரம் கொடுக்க வேண்டும். சில நொடிகளில் அதன் விளக்குகள் ஒன்றுவிட்டு ஒன்று மாறி மாறி மினுக்கும். அதுவே, “என் கதவு திறந்திருக்கிறது, புதிய கோப்பை அனுப்பு” என்று அது சொல்லும் சைகை. அந்த நிலையில் பெட்டியின் முகவரி 192.168.1.20. நம் கணினிக்கு அதே தெருவில் 192.168.1.10 என்பது போன்ற ஒரு முகவரியை நம் கையாலேயே எழுதி, டி.எஃப்.டி.பி. என்னும் வழியில் கோப்பை அனுப்ப வேண்டும்.

அனுப்பினோம். நேரம் கடந்துவிட்டது என்று கணினி சொல்லிற்று. மீண்டும் அனுப்பினோம், மீண்டும் அதே பதில். ஐந்து தடவை ஊசி குத்தினோம். தேநீர் கொண்டுவந்த பெரியம்மா சற்று நேரம் பார்த்துவிட்டு, “என்ன மகன், அதுக்கு ஊசி போட்டுப் போட்டு ஆக்கினை பண்றீங்க?” என்றார்.

குற்றம் பெட்டியில் இல்லை. கணினி ஒரே நேரத்தில் வீட்டு வைஃபையோடும் இணைந்திருந்தது. அந்த வீட்டு ரவுட்டரும் 192.168.1 என்று தொடங்கும் தெருவிலேயே இருந்தது. ஒரே பெயரில் இரு தெருக்கள்! தபாற்காரன் கடிதத்தை எந்தத் தெருவில் போடுவான்? நம் கோப்பு கம்பி வழியே போகாமல் காற்று வழியே வேறெங்கோ போய்க்கொண்டிருந்தது. கணினியின் வைஃபையை அணைத்து, அதன் காவல் மென்பொருளையும் சற்று ஓய்வெடுக்கச் சொன்னதும், சில நொடிகளில் கோப்பு உள்ளே சென்றுவிட்டது.

அதன் பின்னர்தான் மெய்யான சோதனை. கோப்பு சென்றவுடன் பெட்டி அதனைத் தன் நினைவகத்தில் எழுதத் தொடங்கும். அந்தச் சில நிமிடங்களில் மின்சாரம் போனால் பெட்டி செங்கல்லாகிவிடும். இது நம் உவமையன்று, உலகெங்கும் இத்தொழில் பழகுவோர் வழங்கும் சொல். விளக்குகள் ஏதோ மாதிரி எரிகின்றனவே என்று மாணவன் கம்பியைப் பிடுங்கப் போக, அன்பர் அவன் கையைப் பிடித்தார். மின்வெட்டு வரக்கூடிய மாலைப் பொழுதில் இவ்வேலையைத் தொடங்கியதே நம் மடமை. இரண்டாவது பெட்டிக்கு மின்கலத்திலிருந்து மின்சாரம் கொடுத்தோம்.

மூன்றாவது பெட்டி வேறு கதை. கோப்பு போயிற்று, ஆனால் பெட்டி அதனை ஏற்கவில்லை. ‘ஃபர்ம்வேர் சோதனை தவறியது’ என்று திருப்பி அனுப்பிவிட்டது. வெளித் தோற்றத்தில் மூன்றும் ஒரே அச்சு, பெயரும் ஒன்றே. ஆயினும் உள்ளே இருக்கும் பலகை வேறு. ஒரே பெயரில் விற்கப்பட்ட இப்பெட்டிகளில் ‘எக்ஸ்.எம்.’ என்றும் ‘எக்ஸ்.டபிள்யூ.’ என்றும் இருவகைப் பலகைகள் உண்டு. ஒன்றின் சட்டை மற்றதற்குப் பொருந்தாது. வாசற்காவலன் விழித்திருந்ததால் பெட்டி பிழைத்தது. அதனை ஒருபுறம் எடுத்து வைத்தோம்.

மேசைமேல் தொடங்கிய வழக்கு

மறுநாள் மாலை அடுத்த தொல்லை. புதுக் குடி புகுந்த பெட்டிக்கு முதலில் பெயரில்லை. தன் பக்கத்தில் ‘நோகால்’, அதாவது அழைப்புக் குறி இல்லாதது, என்றே காட்டும். அதன் முகவரி இப்போது 192.168.1.1. அங்கே சென்று அன்பரின் அழைப்புக் குறியைப் பெயரின் முதலில் எழுதி, புதிய கடவுச்சொல்லும் கொடுத்துச் சேமித்தோம். பெட்டி தன்னை ஒரு முறை அணைத்து எழுந்தது. அதன்பின் பக்கம் திறக்கவேயில்லை! முந்தைய நாள் செங்கல் பயம் மீண்டும் பிடித்துக்கொண்டது.

உண்மையில் நடந்தது இது. பெயர் பெற்றவுடன் கணு பழைய தெருவை விட்டு, 10 என்று தொடங்கும் தன் சொந்த முகவரிக்குக் குடிபெயர்ந்துவிடுகிறது. ஒவ்வொரு பெட்டிக்கும் ஆலையில் பொறித்த எண்ணிலிருந்து அந்த முகவரி தானாகவே கணிக்கப்படுவதால் இரு கணுக்கள் மோதிக்கொள்வதில்லை. நாமோ கணினியைப் பழைய தெருவிலேயே காவல் நிறுத்தியிருந்தோம். நம் கையால் எழுதிய முகவரியை அழித்து, ‘தானாகப் பெற்றுக்கொள்’ என்று மாற்றி, கம்பியை ஒரு தடவை கழற்றி மாட்டி, ‘லோக்கல்நோட்’ என்ற பெயரால் அழைத்ததும் கணு முகம் காட்டியது. இத்துறையில் புதியவர்கள் ‘பெட்டி இறந்துவிட்டது’ என்று எழுதும் புலம்பல்களில் ஒரு பெரும் பகுதி இந்த இடத்தில் எழுவதே.

இரண்டு கணுக்களும் உயிர் பெற்றன. மேசைமேல் பக்கத்திற் பக்கம் வைத்தோம். ஒன்றையொன்று பார்த்தும் பாராமல் இருந்தன, சம்பந்தம் முறிந்த இரு வீட்டார்போல! கணுக்கள் பேசிக்கொள்ள வேண்டுமானால் அலைவரிசை, வலையின் பெயர், அலைவரிசையின் அகலம் ஆகிய மூன்றும் இம்மியும் பிசகாமல் ஒன்றாயிருக்க வேண்டும். முதலிரண்டும் சரியே. அகலத்தில்தான் பிழை. ஒன்றில் 10 மெகாஹெர்ட்ஸ், மற்றதில் 20. அகலம் வேறானால் ஒன்றின் பேச்சு மற்றதற்குப் பேச்சாகவே படாது, இரைச்சலாகத்தான் படும். மாற்றியதும் ஒன்றின் பட்டியலில் மற்றது தோன்றியது. நாம் கைதட்டிவிட்டோம் என்பதை மறைப்பானேன்!

இங்கே இன்னொன்றையும் சொல்லி வைப்போம். கூரைகளுக்கிடையே பேசப் பிறந்த பெட்டிகளை ஒரு முழ தூரத்தில் வைத்து முழு வலிமையில் ஒலிபரப்பச் செய்தால், காதருகே பறை முழக்கியது போல ஒன்று மற்றதைத் திணறடிக்கும். மேசைச் சோதனையின்போது வலிமையைக் குறைத்து வைப்பது நன்று. அதுபோலவே ஃபர்ம்வேரின் பதிப்புகளும் பெரிதும் வேறுபடலாகாது. கணுக்கள் வழி கண்டுபிடிப்பதற்குப் பல ஆண்டுகளாக ஓ.எல்.எஸ்.ஆர். என்னும் நெறியைப் பின்பற்றிய ஏ.ஆர்.இ.டி.என். அண்மையில் பேபல் என்னும் நெறிக்கு மாறியுள்ளது. மிகப் பழைய பதிப்பும் மிகப் புதிய பதிப்பும் அருகருகே இருந்தால் வானலையில் ஒன்றையொன்று கேட்கும், ஆனால் வழி சொல்லத் தெரியாது விழிக்கும். குற்றம் அன்டெனாவில் என்றெண்ணி ஏணி ஏறுவோர், முதலில் பதிப்பு எண்ணைப் பார்த்தால் கால்வலி மிச்சமாகும்.

கூரைமேல்

மேசையில் பேசியவை கூரையில் பேசவில்லை. ஒன்று கிரானில் நம் வீட்டுக் கூரையில். மற்றது நீர்ப்பரப்புக்கு அப்பால், ஏறத்தாழ 4 கிலோமீற்றர் தூரத்தில் உறவினர் ஒருவர் வீட்டில். தொலைபேசியில் கேட்டால், “விளக்கு நல்லா எரியுது தம்பி” என்கிறார் அவர். விளக்கு எரிகிறதென்றால் பெட்டி நலமாயிருக்கிறது என்று நாமும் நம்பி, இக்கரையில் அன்டெனாவை அங்குமிங்கும் திருப்பி ஒரு பகலைப் போக்கினோம்.

மறுநாள் வள்ளமேறிப் போய் அளவுமானியால் பார்த்தபோதுதான் உண்மை தெரிந்தது. பெட்டி எதிர்பார்ப்பது 24 வோல்ட். அங்கே மலிவான மாற்றியொன்றின் வழியாக, நீண்ட மெல்லிய கம்பியில் ஏறி, உச்சியில் போய்ச் சேர்ந்தது 11 வோல்ட்டுக்கும் குறைவு. அந்த மின்சாரத்தில் விளக்கு எரியும். ஆனால் ஒலிபரப்ப முயலும் ஒவ்வொரு கணமும் பெட்டி மயங்கி விழுந்து, மறுபடி எழுந்துகொண்டிருந்தது.

இந்த இடத்தில் நம் நினைவு தமிழகத்துத் தேனிக்குச் சென்றது. அங்கே அரவிந்த் கண் மருத்துவமனை, போடி, பெரியகுளம் முதலிய இடங்களில் சிறு பார்வை மையங்களை அமைத்து, நோயாளி அங்கிருந்தபடியே தேனியிலுள்ள வைத்தியரோடு முகம் பார்த்துப் பேச வழிசெய்தது. அந்தத் தொடர்பு நீண்ட தூர வைஃபை வழியாகச் சென்றது. அமைக்கத் துணை நின்றோர் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பேராசிரியர் எரிக் புரூவரின் குழுவினர். அது அமெச்சூர் வலையன்று, மெஷ்ஷும் அன்று. ஆயினும் பெட்டியும் கூரையும் தொல்லையும் நம்முடையவையே. அவ்வலையையும், இமயமலை அடிவாரத்துத் தரம்சாலாவில் 2005இல் எழுந்த மெஷ் வலையையும் சேர்த்து வைத்து, கிராமத்து வானலை வலைகளை உயிரோடு காப்பது எப்படி என்று அவர்கள் 2008இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். தரம்சாலாவில் அன்டெனாக்களில் குரங்குகள் ஊஞ்சலாடினவாம். அத்தொல்லை நமக்கில்லை, காகத்தோடு நின்றது!

அந்த ஆய்வாளர்கள் முதலில் எண்ணியது, வானலையின் நுட்பமே பெருந்தடையாயிருக்கும் என்று. அனுபவம் வேறாயிற்று. அவர்களை ஆட்டிப் படைத்தது மின்சாரம். கிராமத்து மின்கம்பியில் ஆயிரம் வோல்ட் வரை எகிறிய துடிப்புகளை அவர்களுடைய கருவி பதிவு செய்தது. மறுபுறம், மின்னழுத்தம் தாழும்போது பெட்டி முழுதாக அணையவும் மாட்டாது, முழுதாக எழவும் மாட்டாது, அரை மயக்கத்தில் கிடக்கும். நினைவகத்தில் எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போய் ஃபர்ம்வேர் சிதைந்த பெட்டிகளும் உண்டு. மின்னழுத்தம் ஓர் அளவுக்குக் கீழே போனால் பெட்டியைத் துண்டித்துவிடும் சிறு சாதனத்தைப் பொருத்தினார்கள். மயங்கிய பெட்டியைத் தானே தட்டியெழுப்பும் காவல் கடிகாரத்தையும் வைத்தார்கள். இவை எல்லாவற்றையும்விடப் பெரிய வேலையாக, அந்தந்த இடத்து ஊழியர்களுக்கே பழுதறியக் கற்பித்தார்கள். பெர்க்லியில் இருப்பவருக்கு, ‘இணைப்பு இல்லை’ என்ற செய்தி மட்டுமே போய்ச் சேரும். கம்பி கழன்றதா, மின்கலம் இறந்ததா, அன்டெனா திரும்பியதா என்பது அருகில் நிற்பவனுக்கன்றோ தெரியும்?

இதை முன்பே வாசித்திருந்தும் நாம் விளக்கை நம்பி ஏமாந்தோம். படிப்பு வேறு, பழக்கம் வேறு. அன்று முதல் அக்கரை வீட்டில் ஓர் அளவுமானியை விட்டு வந்திருக்கிறோம். அவ்வீட்டுப் பேத்தி, பத்தாம் வகுப்பு மாணவி, இப்போது “விளக்கு எரியுது” என்று சொல்வதில்லை. “இருபத்து மூன்று தசம் எட்டு” என்று சொல்கிறாள்.

மின்சாரத்தின் கணக்கையும் இங்கே போட்டுவிடுவோம். இத்தகைய பெட்டி அதிகபட்சம் 8 வாட் உண்ணும். 12 வோல்ட், 40 ஆம்பியர்-மணி மின்கலத்தில் உள்ளது 480 வாட்-மணி. மின்கலத்தின் ஆயுளைக் கருதிப் பாதியையே செலவிட்டால் 240. ஆக, 30 மணி நேரம். வெயிலே காணாத மூன்று நாள் மழைக்கு இது போதாது. சூரியத் தகட்டைப் பெரிதாக்குவதைவிட இன்னொரு மின்கலம் சேர்ப்பதே அடைமழைக்கு ஏற்றது என்பது நம் கருத்து.

மின்சாரம் சீரானதும் இணைப்பு வந்தது, ஆனால் நொண்டியது. நாம் பேசியது அக்கரைக்குக் கேட்டது. அக்கரை பேசியது நமக்குப் பாதியே வந்தது. கணுவின் பக்கத்தில் இதற்கென இரண்டு எண்கள் உண்டு. ஒன்று நாம் அயலானைக் கேட்கும் தரம், மற்றது அயலான் நம்மைக் கேட்கும் தரம். இரண்டும் நூற்றுக்கு நூறை அணுக வேண்டும். வேறுபட்டால் எந்தப் பக்கத்தில் கோளாறு என்பதற்கு அதுவே சாட்சி. நம் தென்னை மரத்தையே அன்பர் முதலில் சந்தேகித்தார். அவர் சந்தேகம் பாதி சரி.

வைஃபை அலை நேர்கோட்டில் செல்வது என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். அந்தக் கோடு நூல்போன்றதன்று, நடுவில் பருத்த சுருட்டுப்போன்றது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு, 4 கிலோமீற்றர் தூரத்தின் நடுவில் அந்தச் சுருட்டின் ஆரம் ஏறத்தாழ 11 மீற்றர். அதில் பத்தில் ஆறு பங்கு, அதாவது 7 மீற்றர் அளவாவது, தடையின்றி இருக்க வேண்டும். கண்ணுக்கு அக்கரைக் கூரை தெரிகிறதே என்று திருப்தியடைந்தால் போதாது. கீழே தண்ணீர் இருக்கிறது, பக்கத்தில் ஓலை இருக்கிறது. மழையில் நனைந்த தென்னோலை அலையைக் குடித்துவிடும். தண்ணீரோ கண்ணாடிபோல அலையைத் தெறிக்கச் செய்து, நேரே வரும் அலையோடு மோதவிடும். இரண்டும் எதிரெதிராகச் சந்தித்தால் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். வாவியின் மட்டம் ஏறி இறங்கும்போது காலையில் நன்றாயிருந்த இணைப்பு மாலையில் கெடுவது இதனாலேயே. அன்டெனாவை ஒரு முழம் உயர்த்தியோ தாழ்த்தியோ பார்ப்பதே மருந்து. நாம் கூரை முகட்டில் குழாய்க் கம்பம் நட்டு உயர்த்தினோம். இரைச்சலுக்கு மேல் 14 டெசிபெல் என்றிருந்த சமிக்ஞை 25ஆக ஏறியது.

மீதிப் பாதி சந்தேகம் தூரத்தின் மேல் விழுந்தது. கணு ஒவ்வொரு துண்டுச் செய்தியை அனுப்பியதும், ‘கிடைத்தது’ என்ற பதிலுக்குக் காத்திருக்கும். ஒளியின் வேகத்தில் செல்லும் அலைக்கும் ஒரு கிலோமீற்றர் போக 3.3 மைக்ரோ விநாடி வேண்டும். 4 கிலோமீற்றர் போய்வர 26 மைக்ரோ விநாடிக்கு மேல். அக்கரைப் பெட்டியின் அமைப்பில் தூரம் மிகக் குறைவாகக் குறிக்கப்பட்டிருந்தது. ஆகவே, பதில் பாதி வழியில் வந்துகொண்டிருக்கும்போதே அது பொறுமையிழந்து, போன செய்தி தொலைந்தது என்று கருதி மறுபடி மறுபடி அனுப்பிக்கொண்டிருந்தது. தூரத்தைச் சரியாக எழுதியதும் எண்கள் இரண்டும் நூறை நெருங்கின. விநாடியில் ஏறத்தாழ நாற்பதாயிரத்தில் ஒரு பங்குப் பொறுமைக்கு இவ்வளவு பலன்!

அன்று மாலை அக்கரையிலிருந்து முதன்முதலாக வந்தது ஒரு புகைப்படம், கட்டிலில் படுத்திருந்த வெள்ளாட்டுக் குட்டி. அதை அனுப்பியவள் யாரென்று நாம் சொல்ல வேண்டியதில்லை. பின்னர் வீட்டில் உள்ளோர் பெயர்கள், வயது, எடுக்கும் மருந்துகள் ஆகியவற்றை ஒரு பட்டியலாக்கி அனுப்பிப் பழகினோம். வெள்ளத்தில் குரலால் பெயர் சொன்னால் ‘கந்தையா’ ‘கந்தப்பா’ ஆகிவிடும். மருந்தின் அளவு மாறிவிட்டாலோ சொல்லவே வேண்டாம். எழுத்தாக வரும் பட்டியலில் அந்தப் பயமில்லை. அதற்காகவேதான் இத்தனை பாடும்.

மாணவ நேயர்கள் இதனைப் படித்துவிட்டு நாளைக்கே பெட்டி வாங்கப் புறப்படலாகாது. அமெச்சூர் வானொலிக்கு இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் பரீட்சையில் தேறி அனுமதிப்பத்திரம் பெற வேண்டும். 4எஸ் என்று தொடங்கும் அழைப்புக் குறி அதன் பின்னரே கிடைக்கும். எந்த அலைவரிசை, எவ்வளவு வலிமை என்பனவெல்லாம் அந்தப் பத்திரத்தில் உள்ளபடியே. கணுவின் பெயரில் அழைப்புக் குறியை எழுதுவது அலங்காரத்துக்கன்று, ஒலிபரப்புகிறவர் யார் என்பதை உலகுக்குச் சொல்ல. இவ்வலையில் வியாபாரம் பேசலாகாது. பொருளை மறைக்கும் இரகசியக் குறியீடும் ஆகாது. வங்கிக் கணக்கைப் பார்க்க நினைப்பவர் வேறு வழி பார்த்துக்கொள்ளட்டும். பரீட்சைக்குப் படிப்பது கடினமென்று அஞ்ச வேண்டாம். ஓமின் விதியும் அலைநீளக் கணக்கும் விஞ்ஞான வகுப்பில் படித்தவையே. தேர்வுக்காகப் படித்தபோது வறண்டு கிடந்த அந்த விதி, அக்கரைக் கூரையில் 11 வோல்ட் ஏன் வந்தது என்று கேட்டபோது நம் மாணவனுக்கு ஒரே நிமிடத்தில் விளங்கிவிட்டது.

இரண்டு கணுவினால் வலையாகாது, அது வெறுங் கயிறுதான் என்பதை நாம் அறிவோம். ஒன்று அறுந்தால் எல்லாம் அறும். மூன்றாவது கணுவை இரு வீடுகளுக்கும் பார்வை படும் ஓர் உயர்ந்த கூரையில் ஏற்றினால்தான் செய்திக்குச் சுற்றுவழி கிடைக்கும். கூரைக்கு உரியவர் சம்மதித்துவிட்டார். குழாயும் கம்பியும் வந்துவிட்டன. அன்று ஒருபுறம் எடுத்து வைத்த மூன்றாவது பெட்டி மீண்டும் மேசைக்கு வந்திருக்கிறது. வீட்டு வைஃபை அணைந்திருக்கிறது, மின்கலம் பொருத்தியாயிற்று. அதன் பழைய பக்கத்தைத் திறந்து, பதிப்பு எண்ணுக்கு அருகே உள்ள இரண்டெழுத்து எக்ஸ்.எம்.ஆ, எக்ஸ்.டபிள்யூ.வா என்று மாணவன் கண்ணைச் சுருக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறான். வெளியே மேகம் கறுத்து வருகிறது.